தற்காலிகக் கோப்பும் தங்காச் சேமிப்பகமும்: ஒரு சொல் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

மேகக் கணிமை ஆவணங்களின் தமிழாக்கத்தில் 'தற்காலிகக் கோப்பு', 'தற்காலிகச் சேமிப்பகம்' என இரண்டையும் அருகருகே ஆளலாம் என்ற முந்தைய பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. கோப்பைப் பொறுத்தவரை அடைமொழி சரியே. வேலை முடிந்ததும் நிரலே அதை அழித்துவிடுகிறது. சேமிப்பகமோ (ephemeral storage) நிரலைக் கேளாமலே மறைந்துபோகக்கூடிய இடம்.

பயனர் பதிவேற்றிய படத்தைச் சிறிதாக்கித் தரும் வலைச்செயலி ஒன்று இரண்டு பிரதிகளாக இயங்கும்போது, முதல் வேண்டுகோளில் ஒரு பிரதி எழுதிவைத்த கோப்பு, அடுத்த வேண்டுகோளைப் பெறும் மற்றப் பிரதியின் கண்ணில் படாது. ஹெரோக்கு என்ற மேகத் தளத்தில் டைனோ (செயலி இயங்கும் கொள்கலன்) மறுதொடக்கம் ஆகும்போதெல்லாம் அதில் எழுதியவை போய்விடும். செயலிகளை இயக்கித்தரும் கூகுள் கிளவுட் ரன் சேவையில் எழுதப்படும் கோப்பு இயல்பாக நினைவகத்திலேயே இடம்பிடிப்பதால், அழிக்காமல் விட்டவை சேர்ந்து செயலியையே வீழ்த்தக்கூடும்.

ஆகவே 'தங்காச் சேமிப்பகம்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'தங்கா' என்பது ('தங்காத' என்பதன்) ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஆதலால் வல்லினம் மிகும். அதை விட்டுவிட்டு எழுதுவோர் பெருகிவிட்டதால் சொல்லிவைக்கிறேன். 'நிலையற்ற' என்பதை நான் தவிர்த்ததற்குக் காரணம், மின்சாரம் நின்றால் அழியும் நினைவகத்தைக் குறிக்க அது ஏற்கெனவே வழங்குவதுதான்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். வேண்டும்போது மட்டும் நிரலை இயக்கும் அமேசானின் ஏடபிள்யூஎஸ் லாம்டா சேவையில் இயல்பாக 512 எம்பி அளவுள்ள தற்காலிக அடைவு, அதே இயங்குசூழல் மீண்டும் பயன்படும்போது பழைய கோப்புகளோடு திரும்பி வரக்கூடும். அப்படியானால் அது தங்கியதாகாதா? தங்கும் என்ற உறுதி இல்லை என்பதே நான் கொள்ளும் பொருள். தானாக அழிந்துவிடும் என்ற உறுதியும் அங்கே கிடையாது என்பதால், பிறர் அறியக்கூடாத தரவை நிரலே அழித்தாக வேண்டும் என்ற குறிப்பைச் சொல்லின் வரையறையிலேயே சேர்க்கலாம்.

'பாதுகாப்பான தற்காலிகக் கோப்பு' என்பதையும் அப்படியே விடக்கூடாது. அது மறையாக்கம் (encryption) செய்த கோப்போ என்று மயங்க வைக்கிறது. பெயரை முதலில் தேர்ந்து பின்னர் கோப்பைத் திறந்தால், அந்த இடைவெளியில் வேறொரு நிரல் அதே பெயரில் குறியீட்டு இணைப்பை (வேறொரு கோப்புக்கு இட்டுச்செல்லும் சுட்டியை) வைத்துவிட முடியும். பைத்தான் நிரல்மொழியில், தற்காலிகக் கோப்புக்குப் பெயரை மட்டும் தரும் எம்கேடெம்ப் (mktemp) செயற்கூறு 2.3ஆம் பதிப்பிலிருந்தே தவிர்க்க வேண்டியதாக அறிவிக்கப்பட்டதற்கு இதுவே காரணம். அதற்கு மாற்றான எம்கேஎஸ்டெம்ப் (mkstemp) பெயரிடுவதையும் உருவாக்குவதையும் பிரிக்காமல் செய்து, உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் கூடிய கோப்பைத் தருகிறது. இதற்கு 'இடையூடுருவாக் கோப்பாக்கம்' என்று எழுதிப் பார்த்தேன், நாவில் புரளவில்லை. இதைவிடச் சுருக்கமான சொல் இருந்தால் தெரிவியுங்கள்.