நாலு வருசமாக முதல் அத்தியாயத்திலேயே நிற்கிறேன்

காங்கயத்தான்:
வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், வயது 38. ஒரு நாவல் எழுத உட்கார்ந்து நாலு வருசமாச்சு, கையில் இருப்பது முதல் அத்தியாயம் மட்டும். அதுவும் ஒன்று இல்லை, 11 நோட்டில் 11 முதல் அத்தியாயம். உட்கார்ந்ததும் முன்பு எழுதியதைப் படிப்பேன், ஒரு வரி உறுத்தும், அதைத் திருத்தினால் அடுத்தது உறுத்தும், கடைசியில் எல்லாமே பிடிக்காமல் போய் புது நோட்டு வாங்கி மறுபடி முதலிலிருந்து.

கதை எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊர்க் கிணறு பற்றியது. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் அதில் பாதிப் பாதிப் பங்கு, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள், முறையில் ஒருநாள் தகராறு வந்து அப்புறம் சாகிற வரை ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. கிணறு வற்றியே போச்சு, ரெண்டு பேரும் பேசவில்லை. பேக்கரியில் டீ குடிக்கும்போது சொன்னால் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு கேட்கிறார்கள். எழுதினால் மட்டும் செத்துப் போகிறது. கடைசி நோட்டு இப்படி ஆரம்பிக்கிறது: ‘ஆதவன் மேற்கு அடிவானில் மெல்ல மறைந்துகொண்டிருந்தான். கொல்லைப்புறத்தில் பெரியவர் மௌனமாக அமர்ந்திருந்தார்.’

ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு சேர ஒன்பதரை ஆகிவிடுகிறது, அது வேறு. சொந்தமாக ஒரு ரூம் இருந்தால் எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. உங்களை எது பிடித்து வைத்திருந்தது, எப்படித் தாண்டினீர்கள்?

தபால்பை:
நேரம், ரூம் ரெண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. நான் ஈரோட்டில் தபால் ஆபீசில் இருக்கிறேன், அதனாலேயே ஆந்தனி ட்ரோலப் என்ற இங்கிலாந்துக்காரர் மேல் ஒரு பாசம். 1834லிருந்து 1867 வரை தபால் துறையில் வேலை பார்த்தவர், வாழ்நாளில் மொத்தம் 47 நாவல். விடிகாலை 5:30க்கு மேசைக்கு வந்துவிடுவார், தன்னை எழுப்பிவிடுவதற்காகவே வேலையாளுக்கு வருசம் 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல். உங்களுக்கு வேண்டியது இதில் ஒரு சின்ன விசயம்: முந்தின நாள் எழுதியதைப் படிக்க அரை மணி நேரம் ஒதுக்கினார், அதோடு சரி, அப்புறம் மேலே போய்விடுவார். நீங்கள் அந்த அரை மணியிலேயே நாலு வருசம் இருந்துவிட்டீர்கள்.

கோபி டீச்சர்:
அந்த 5 பவுண்டு ஆளை எங்கள் வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள் தம்பி. அவர் மேசைக்கு வந்த நேரத்துக்கு நான் கட்டுத்தரையில் எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருப்பேன், அப்புறம் மூணு டிபன் பாக்ஸ், அப்புறம் பஸ். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் செல்போனில் நாலு வரி, கிடைக்காவிட்டால் இல்லை. அப்படியே ரெண்டு வருசத்தில் ஒன்பது கதை ஆச்சு, நல்லதும் இருக்கிறது குப்பையும் இருக்கிறது.

ஆனால் காங்கயத்தானுக்கு நேரம் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன். அந்த ரெண்டு வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். நம்ம ஊரில் யார் ‘ஆதவன்’ என்கிறார்கள்? பொழுது உழுகுது என்போம். கொல்லைப்புறம் ஏது? பொடக்காளிதானே? பெரியவர் ‘மௌனமாக அமர்ந்து’ எல்லாம் இருக்க மாட்டார், சும்மா குக்கிக்கொண்டிருப்பார். நம்ம பேச்சு புஸ்தகத்துக்கு ஆகாது என்று பள்ளிக்கூடத்தில் யாரோ நம் மண்டையில் ஏற்றிவிட்டார்கள் (நானும் சிவப்பு மையில் அதைத்தான் அடிக்கிறேன், என்ன செய்ய). ஆர். சண்முகசுந்தரம் 1942லேயே ‘நாகம்மாள்’ நாவலில் கொங்கு நாட்டுக் குடியானவர் பேச்சை அப்படியே கொண்டுவந்துவிட்டார். பெருமாள்முருகன் நம் சொல்லுக்கெல்லாம் அகராதியே தொகுத்துவிட்டார். இன்னும் எதற்கு வெட்கம்? வரி உறுத்துகிறது என்றால் மோசமான வரி என்பதால் இல்லை, அது உங்களுடைய வரி இல்லை. அதைத் திருத்தித் திருத்திப் பார்த்து என்ன ஆகப் போகிறது?

சோமனூர் தறிக்காரன்:
டீச்சரம்மா சொல்வது பாதி. மீதியை அந்தத் தம்பியே சொல்லிவிட்டார், யாரும் கவனிக்கவில்லை. பேக்கரியில் சொல்கிறாராம், எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு கேட்கிறார்களாம். ஏன் கண்ணு, அங்கேயே கைதட்டு வாங்கிவிட்டால் ராத்திரி எதற்கு எழுத வேண்டும்? எனக்கு இதே கெரகம்தான். முப்பது வருசம் தறிக்குடோனில் பழமை, அதுதான் அரட்டை, பேசியே எல்லாக் கதையையும் செலவழித்தேன். தறிச் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டும், அதனால் வெட்டிச் சொல்லப் பழகியிருந்தேன், அது ஒன்றுதான் லாபம். 60 வயதில் எழுதலாம் என்று உட்கார்ந்தால் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போன கதைகள். சொல்லாமல் விட்டிருந்த ஒன்றே ஒன்று, எங்கள் அம்மா தாலிக்கொடியை அடகு வைத்த அன்றைக்கு நடந்தது. அதைத்தான் எழுத முடிந்தது.

நீ கிணற்றுக் கதையை இனிமேல் யாரிடமும் சொல்லாதே. ஒரு ஆறு மாசம்.

காங்கயத்தான்:
ஐயா சொன்னது சுருக்கென்று பட்டது. டீச்சர் சொன்ன மாதிரி நேற்று ராத்திரி ஒரு பக்கம் எழுதினேன், முதல் அத்தியாயம் இல்லை, நேராகத் தகராறு நடந்த அன்றைக்கே போய்விட்டேன். அப்புச்சி திட்டுகிற இடத்தில் அவர் திட்டினபடியே போட்டேன், கை கொஞ்சம் கூசியது. திரும்பப் படிக்காமல் நோட்டை மூடி பீரோ மேல் போட்டுவிட்டேன்.

ஒரு சந்தேகம். கவலை (மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது) ஓட்டும்போது மாடு முன்னும் பின்னும் போய் வருகிற சரிவை எங்கள் ஊரில் வாரி என்பார்கள். எல்லா ஊரிலும் அதுதானா? வேறு பெயர் ஏதும் இருந்தால், படிக்கிறவர்களுக்குப் புரியாமல் போய்விடுமோ என்று...

சோமனூர் தறிக்காரன்:
எங்கள் பக்கமும் வாரிதான். புரியாதவன் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்வான். மணி பத்தாச்சு, இங்கே என்ன பழமை? நோட்டை எடு.