மேற்குப் பார்த்த மனை, வேலூர் வெயில்: பிளான் முடிவதற்குள் எதையெல்லாம் மாற்றலாம்?

மேற்குவாசல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அரியூர் பக்கம் 30-க்கு 50 அடியில் மேற்குப் பார்த்த மனை வாங்கியிருக்கிறோம். தை பிறந்ததும் கடைக்கால் எடுக்க வேண்டும். எஞ்சினியர் பிளான் கொடுத்துவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து முடிவு செய்கிறோம். அதற்கு முன்னால் கட்டி அனுபவப்பட்டவர்களிடம் கேட்டுவிட நினைக்கிறேன்.

இப்போது சத்துவாச்சாரியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்கு மேல் மொட்டை மாடிதான். சித்திரை, வைகாசியில் ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையறைச் சுவரில் கை வைத்தால் அப்போதுதான் இறக்கிய இட்லிப் பானையைத் தொட்ட மாதிரி இருக்கும். ஃபேன் போட்டால் அனல்தான் இறங்குகிறது. ஏ.சி. ஒன்றரை மணி நேரம் ஓடின பிறகுதான் அறை கொஞ்சம் அடங்கும். கோடையில் எடுத்த இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது.

அடுத்தது பராமரிப்பு. நான் பள்ளி ஆசிரியை, காலை ஏழரைக்குக் கிளம்பினால் சாயந்திரம் ஐந்தரை ஆகும். மாமியாருக்கு முழங்கால் வலி, குனிந்து துடைக்க முடியாது. போர் தண்ணீர் கடும் உப்பு. குழாய் வாயெல்லாம் வெள்ளையாகப் படிந்து, ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் புளியும் நாருமாகத் தேய்ப்பதிலேயே போகிறது. புது வீட்டிலும் இதே கதை தொடரக்கூடாது.

பிளான் இதுதான். தரைத்தளம் மட்டும், சுமார் 1000 சதுர அடி. மாஸ்டர் பெட்ரூம் தென்மேற்கில். கன்னி மூலையில்தான் வர வேண்டும் என்பது மாமியார் ஆசை, எங்களுக்கும் சம்மதம். அந்த அறைக்குத் தெருப் பக்கம் ஆறடி அகலக் கண்ணாடி ஜன்னல். முன்புறச் சுவரில் கறுப்புக் கல் பதித்த எலிவேஷன். படிக்கட்டு ஹாலுக்குள். சுவர் 9 அங்குலச் செங்கல்.

பட்ஜெட்டுக்கு மேல் மூன்று லட்சம் ஒதுக்கியிருக்கிறோம். ஏ.ஏ.சி. பிளாக் (செங்கல்லுக்குப் பதில் வைக்கும் எடை குறைந்த கான்கிரீட் கல்), சோலார், இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் போட்டால் உண்மையிலேயே பலன் இருக்கும்?

பாலாற்றங்கரை

சகோதரி, நான் காட்பாடி பக்கம் மேற்கு வாசல் வீடு கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. நீங்கள் சொல்லும் அதே ஜன்னலை வைத்து அவதிப்பட்டவன். அதனால் அதைத்தான் முதலில் சொல்வேன்.

நம் ஊரில் ஏப்ரல் கடைசியில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்து, அதன்பின் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் லேசாக வடக்கே சாய்ந்தே இருக்கும். கோடையில் தெற்குச் சுவர் அவ்வளவாகக் காய்வதில்லை. முதல் அடி மொட்டை மாடிக்கு, அடுத்த அடி மேற்குச் சுவருக்கு. காலை வெயில் கிழக்கிலும் படும்தான், ஆனால் அப்போது காற்று இன்னும் சூடேறியிருக்காது. மேற்கில் அடிக்கும்போது ஊரே கொதித்துக்கொண்டிருக்கும்.

"சன்ஷேடு போட்டிருக்கிறேனே" என்பார் எஞ்சினியர். மே மாதம் நாலு மணிக்கு வெயில் சாய்ந்து வரும். இரண்டடி சன்ஷேடு போட்டாலும் அதன் நிழல் ஒன்றரை அடிக்கு மேல் கீழே இறங்காது. நாலடி உயர ஜன்னலில் மீதி முழுக்க வெயில் நேராக உள்ளே வரும், நேரமாக ஆக இன்னும் ஆழமாக வரும். எங்கள் கட்டிலின் கால் மாட்டில் மெத்தை விரிப்பே ஒரு பக்கம் வெளுத்துப் போயிற்று. கடைசியில் அந்த ஜன்னலை இடித்து மூடி, மேலே ஒன்றரை அடி வெண்டிலேட்டர் மட்டும் வைத்தோம். மூடிய வருடமே ராத்திரியில் வித்தியாசம் தெரிந்தது.

கன்னி மூலை அப்படியே இருக்கட்டும். அறையை மாற்ற வேண்டியதில்லை, சுவருக்கு நிழல் கொடுத்தால் போதும். பெரிய ஜன்னலைத் தெற்குச் சுவருக்கு மாற்றுங்கள், அங்கே இரண்டடி சன்ஷேடே போதும். மேற்குச் சுவர் நெடுக உள்பக்கம் அலமாரி வரட்டும். ஹாலில் இருக்கும் படிக்கட்டை வெளியே எடுத்து அந்த மேற்குச் சுவருக்கு முன்னால் போடச் சொல்லுங்கள். தென்மேற்கில் கனம் இருப்பது நல்லது என்றுதான் வாஸ்து பார்ப்பவர்களும் சொல்வார்கள், மாமியாருக்கும் சமாதானம். நாளைக்கு மாடி எடுத்து வாடகைக்கு விட்டாலும் தனி வழி இருக்கும்.

கறுப்புக் கல் எலிவேஷன் தயவுசெய்து வேண்டாம். மேற்கே பார்த்த சுவரில் கறுப்புக் கல் என்பது வீட்டு முகத்தில் தோசைக்கல்லைக் கட்டியது போல. வெளிர் நிறப் பெயிண்ட் போதும். மரமில்லா மலை, தண்ணீரில்லா ஆறு என்று நம் ஊரைச் சொல்வார்கள். வீட்டு முன்னால் இடம் இருந்தால் ஒரு புங்கங்கன்றை இப்போதே வையுங்கள், வீடு முடிவதற்குள் ஆள் உயரம் வந்திருக்கும்.

இன்னொன்று, தரைமட்டம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவில் தாழக் கட்டிய வீடுகளுக்குள் தண்ணீர் போனது. உங்கள் இடம் ஆற்றுக்குத் தள்ளி இருந்தாலும், சாலை போடும்போதெல்லாம் உயர்ந்துகொண்டே போகும். சாலையைவிட மூன்றடி ஏற்றியே கட்டுங்கள்.

குடியாத்தம் மேஸ்திரி

மேடம், இருபது வருடமாகக் கட்டட வேலை செய்கிறேன். சார் மேற்குச் சுவரைப் பற்றிச் சொன்னது முழுக்க சரி. செங்கல் சாயந்திரம் வாங்கிய சூட்டை ராத்திரிதான் உள்ளே விடும். நீங்கள் பத்து மணிக்குத் தொட்டுப் பார்ப்பது நாலு மணி வெயிலைத்தான்.

ஏ.ஏ.சி. பிளாக்கில் சூடு மெதுவாகத்தான் இறங்கும், எடையும் குறைவு. ஆனால் அதைக் கட்டத் தெரிந்த ஆள் வேண்டும். கான்கிரீட் தூணும் பிளாக்கும் சேருமிடத்தில் வலை அடித்துப் பூசாவிட்டால் விரிசல் விடும். மேற்குச் சுவர் மட்டும் பிளாக், மற்றது செங்கல் என்று கலக்கவும் வேண்டாம், சேருமிடத்தில் விரிசல் நிச்சயம். உங்கள் பக்கத்தில் பழகிய ஆள் இல்லையென்றால் செங்கலிலேயே இருங்கள். சுவரை மாற்றுவதைவிட வெயில் சுவரில் படாமல் செய்வது மலிவு.

பணத்தை மொட்டை மாடியில் போடுங்கள். தரைத்தளம் மட்டும் என்றால் வீட்டின் ஒவ்வொரு அறைக்கும் மேலே வெயில்தான். அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்குவார்கள். அதற்கு மேல் தட்டையான சிவப்புச் சுட்ட ஓடு, அதாவது தட்டோடு, பதிப்பார்கள். இப்போது அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது, ஆனாலும் கிடைத்தால் விடாதீர்கள். தட்டோட்டுக்குப் பதில் மேலே வெள்ளை கூல் ரூஃப் டைல்ஸ் பதித்தால் இன்னும் நல்லது. சிவப்பு ஓடு சூட்டை வாங்கும், வெள்ளை திருப்பி அனுப்பும். ஆனால் தூசி படிந்தால் வெள்ளைக்குப் பலன் குறையும். பங்குனி பிறக்கும்போது ஒரு முறை நன்றாகக் கழுவிவிட்டால் கோடை தாங்கும்.

டைல்ஸ் இடுக்கை நல்ல கலவையால் அடைக்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, எங்கே ஒழுகுகிறது என்றே கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் போகும் மூலைக்குப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது சரிவு இருக்கட்டும். டைல்ஸ் போடும் முன் துளையை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழே ஈரம் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். பைப் போவதற்காக பாத்ரூம் தரையைத் தாழ்த்தி விடும் பள்ளத்துக்கும் அதே சோதனை செய்யுங்கள். அவசரம் என்று மேஸ்திரி சொன்னாலும் விடாதீர்கள், நானே மேஸ்திரிதான், அதனால்தான் சொல்கிறேன்.

மேற்குவாசல்

அண்ணா, மேஸ்திரி ஐயா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சன்ஷேடு நிழல் கணக்கை இங்கேயே பார்த்துவிட்டேன். நேற்று நாலு மணிக்கு எங்கள் மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஸ்கேல் வைத்து அளந்தேன். நிழல் பாதி ஜன்னலுக்குக்கூட வரவில்லை. அந்த ஆறடிக் கண்ணாடி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கண்ணாடியும் வேண்டாம். சோலார் பற்றி யாராவது சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை மின்பணி

அக்கா, சோலாருக்கு முன்னால் ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30, 35 வாட்தான். ஃபேனுக்கு 40 வாட் மிச்சம் என்று வையுங்கள். ஐந்து ஃபேன், ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் தினம் 3 யூனிட், இரண்டு மாதத்தில் 180 யூனிட். 500-ஐத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறுகிற நம் ஊரில் இது பெரிய தொகை.

சோலார் கட்டாயம் போடலாம், ஆனால் முதல் வருடமே வேண்டாம். ஒரு கோடை குடியிருந்து எவ்வளவு யூனிட் ஆகிறது என்று பார்த்துப் போடுங்கள். 1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 4 யூனிட் கிடைக்கும், சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரைக்கும் காலியாக ஒரு பெரிய கண்டூயிட் பைப் (ஒயர் இழுக்கும் குழாய்) விட்டுவையுங்கள். எர்த் குழிக்கும் இடம் ஒதுக்குங்கள். பூச்சு முடிந்த பிறகு சுவரைக் கீறுவது பாவம்.

தண்ணீர் தொட்டி கன்னி மூலையில்தான் வரும் என்று நினைக்கிறேன். மதியத்துக்கு மேல் அதன் நிழல் கிழக்குப் பக்கம் விழும். பேனல் வரும் இடத்தை இப்போதே பிளானில் குறித்துவிட்டால் பிற்பாடு சண்டை இல்லை.

பாகாயம் அம்மா

கண்ணு, சூட்டைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் துடைக்கிற கதை சொல்கிறேன், நாற்பது வருடமாகத் துடைத்திருக்கிறேன்.

பாத்ரூமில் பளபளக்கும் கறுப்பு, கருநீல டைல்ஸ் வேண்டவே வேண்டாம். உப்புத் தண்ணீரின் ஒவ்வொரு சொட்டும் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். வெளிர் சாம்பல் அல்லது மணல் நிறம், லேசாகப் புள்ளி போட்டது, சொரசொரப்பானது எடுங்கள். மாமியார் வழுக்கி விழாமலும் இருப்பார். ஜன்னல் கம்பியில் பூ வேலைப்பாடு வேண்டாம், நேர்க்கம்பி போதும். ஒரு துணியை மேலிருந்து கீழே இழுத்தால் வேலை முடியும். பூ வைத்த கம்பியில் ஒவ்வொரு இதழுக்கும் விரல் விட வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கில் பள்ளம் விட்டு லைட் வைப்பார்கள், அந்தப் பள்ளத்தில் ஒட்டடை அடிக்க மேஜை மேல் ஏற வேண்டும். உங்கள் வீட்டில் யார் ஏறுவது?

மழைத்தண்ணீரை விடாதீர்கள். 2003-லிருந்து எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்தான், பலர் பேருக்கு ஒரு குழி எடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். உங்கள் 1000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் இறங்கும். வடிகட்டி ஒரு தனித் தொட்டியில் சேர்த்து, அடுப்படிக்கு ஒரு குழாய் தனியாகக் கொடுங்கள். போர் தண்ணீரில் எங்கள் வீட்டில் துவரம்பருப்பு ஆறு விசில் விட்டாலும் முழுசு முழுசாகக் கிடக்கும். மழைத்தண்ணீரில் மூன்று விசிலில் மசிந்துவிடும். கீசருக்கும் அதே தண்ணீரைக் கொடுத்தால் உள்ளே இருக்கிற காயில் உப்புப் படிந்து போகாது.

மேற்குவாசல்

ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்துவிட்டோம். படிக்கட்டு வெளியே வந்துவிட்டது. எஞ்சினியர் முதலில் முகப்பு அழகு போய்விடும் என்றார். படிக்கட்டுக்குக் கீழே ஸ்கூட்டி நிற்கும், துணி துவைக்கும் கல்லும் போடலாம் என்று மாமியாரே சொன்னதும் ஒப்புக்கொண்டார். தெற்கு ஜன்னல், மேற்கில் அலமாரி, வெள்ளை டைல்ஸ், மழைநீர்த் தொட்டி, காலி கண்டூயிட் எல்லாம் பிளானில் ஏறிவிட்டன. கறுப்புக் கல்லை விட்டதால் கொஞ்சம் பணம் மிச்சம், அது மாடிக்குப் போகிறது.

பாகாயம் அம்மா, துவரம்பருப்பைப் படித்துக் காட்டியதும் எங்கள் மாமியார் உடனே தொட்டியை இன்னும் பெரிதாகக் கட்டச் சொன்னார். கடைசியாக ஒன்று. தண்ணீர் பைப்பைச் சுவருக்குள் புதைக்கலாமா? வாடகை வீட்டில் பாத்ரூம் டைல்ஸை இரண்டு முறை உடைத்திருக்கிறார்கள்.

குடியாத்தம் மேஸ்திரி

புதைப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் மேடம். இரண்டு பாத்ரூமையும் முதுகோடு முதுகாக வைத்து, நடுவில் இரண்டரை அடி டக்ட் விடச் சொல்லுங்கள். மேலிருந்து இறங்கும் பைப்பெல்லாம் அதற்குள் வரட்டும், ஆள் நுழைய ஒரு சிறு கதவு போதும். ஒவ்வொரு பாத்ரூமுக்கும் அடுப்படிக்கும் தனித்தனி வால்வு இருந்தால், ஒரு குழாய் போனதற்கு வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டாம். சுவருக்குள் போகும் மீதி பைப்பைப் பூசுவதற்கு முன்னால், அளவு டேப்பைச் சுவரில் பிடித்துக்கொண்டு சுவர் சுவராக போட்டோ எடுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று படத்திலேயே தெரிய வேண்டும். மின்சாரப் பைப்புக்கும் அப்படியே எடுங்கள். பிரிண்ட் போட்டு பத்திரத்தோடு வைத்துவிடுங்கள், போன் மாறினால் படம் போய்விடும்.