கே.பி. சுந்தராம்பாள்: 'ஔவையார்' படத்துக்கு முன்னால் மேடையில் எப்படி?

வானொலிப்பெட்டி:
கேபிஎஸ் என்றாலே நமக்குத் திருநீறும் கோலுமாக நிற்கிற ஔவையார்தான். ஆனால் அவர் நாடகக்காரர், அந்தக் கால நாடக நடிகரும் பாடகருமான கிட்டப்பாவோடு நடித்ததால்தான் பெயர் வந்தது என்கிறார் அப்பா. மேடையில் வெறும் பாட்டுதானா, நடிப்பும் உண்டா?

ராஜபார்ட்:
அப்பா சொல்வதில் பாதிதான் சரி. 1908-ல் கொடுமுடியில் பிறந்து, சின்ன வயதிலேயே வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, இலங்கை வரை போய்ப் பெயர் வாங்கியவர். 1926-ல் கொழும்பில் கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்ததெல்லாம் அதற்கு அப்புறம்.

வெறும் பாட்டு என்று தள்ளாதீர்கள். மைக் கிடையாது, விடிய விடிய நாடகம், கொட்டகையின் கடைசி ஆள் வரைக்கும் குரல் போக வேண்டும். அதிலும் ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையே இல்லை; ராஜபார்ட்டும் (கதாநாயக வேடம்) ஸ்திரீபார்ட்டும் (பெண் வேடம்) தனித்தனியாகப் பேசிக் கூட்டி வரப்பட்டவர்கள். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் தர்க்கம், அதாவது பாட்டாலேயே வாதாடுகிற கட்டம், வந்தால் எதிராளி எடுக்கிற பாட்டுக்கு அங்கேயே, அதே வேகத்தில் பதில் பாட வேண்டும். கிட்டப்பா உச்சஸ்தாயியில் போய் நிற்பார், ஆர்மோனியத்தில் அவருடைய அண்ணன் காசி ஐயர் வேறு! அங்கே ஈடுகொடுத்ததுதான் கேபிஎஸ். நடிப்பு பாட்டுக்குள்ளேயே இருந்தது, தனியாகத் தேடினால் கிடைக்காது.

வெள்ளைச்சேலை:
அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். 1927-ல் இருவருக்கும் கல்யாணம், 1933 டிசம்பரில் கிட்டப்பா போய்விட்டார், வயது 27தான். இவருக்கு 25. வெள்ளைப் புடவைக்கு மாறி, இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். ஸ்திரீபார்ட் நடிகைக்கு அதோடு தொழிலே முடிந்திருக்க வேண்டும், இல்லையா? 1935-ல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே, அதாவது ஆண் வேடத்தில் வந்தார், சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! அப்புறம் 1953-ல் ஔவையார், 1964-ல் 'பூம்புகார்' படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகள். எல்லாமே ஜோடி தேவைப்படாத வேடங்கள், கவனித்தீர்களா?

தரைடிக்கெட்:
நந்தனாரை ரொம்பத் தூக்காதீங்க. எழுத்தாளர் கல்கி ஆனந்த விகடனில் அந்தப் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார், எருமையும் பனைமரமும்தான் நன்றாக நடித்தன என்கிற ரீதியில். கொட்டகைக்காகப் பழகிய உடம்பு கேமரா முன்னால் விறைத்துத்தான் போகும். ஆனால் குரல் வேறு கதை: 1969-ல் வந்த 'துணைவன்' படப் பாட்டுக்குத் தேசிய விருது வாங்கும்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது.

வானொலிப்பெட்டி:
நன்றி. அந்தக் கால இசைத்தட்டில் தர்க்கம் கேட்கக் கிடைக்குமா?

ராஜபார்ட்:
இசைத்தட்டில் பாட்டுகள் கிடைக்கும், இணையத்திலேயே தேடலாம். ஆனால் தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் பிடிக்கும். மணிக்கணக்கில் மாறி மாறிப் பாடியதை அதில் எங்கே அடைப்பது?