விவசாயி நெல் ரகத்தை எந்தக் கண்ணால் பார்க்கிறார்? நேர்காணலில் அதை எடுப்பது எப்படி?

பொருநைக்கரை கேட்டது:

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரத்தில் நெல் போடுகிறவர்கள் ஒரு ரகத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. வினாத்தாள் சரிப்பட்டு வரவில்லை. மகசூல், விலை, பூச்சி, தண்ணீர் என்று நாம் எழுதிக்கொண்டு போன பட்டியலுக்கே 5-க்கு 4 என்று எல்லாரும் மார்க் போட்டுவிடுகிறார்கள். அவர்கள் மனசில் ஓடும் கணக்கு அதில் ஏறவே இல்லை.

உளவியலாளர் ஜார்ஜ் கெல்லியின் ரெப்பர்டரி கிரிட் (பொருள்களை மூன்று மூன்றாக ஒப்பிடச் சொல்லி, ஆளின் சொந்த அளவுகோல்களைக் கேட்டு வாங்கும் நேர்காணல் முறை) இதற்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. எத்தனை ரகம் வைக்கலாம்? மூன்று மூன்றாகக் காட்டும்போது சரியாக என்ன கேட்க வேண்டும்? எழுத்து வாசிக்காதவர்களிடம் மதிப்பெண் வாங்குவது எப்படி? 20 பேர் சொன்னதைக் கடைசியில் எப்படிச் சேர்ப்பது?

தேரிக்காடு:

பொருந்தும். 1955-ல் கெல்லி வைத்த கருத்தே இதுதான். ஒவ்வொருவரும் தன் உலகத்தைத் தானே செய்துகொண்ட இருமுனை அளவுகோல்களால் அளக்கிறார். அந்தக் கோல்களைத்தான் அவர் கன்ஸ்ட்ரக்ட் என்றார். வினாத்தாளில் நம் கோலை அவர் கையில் கொடுக்கிறோம், கிரிட்டில் அவர் கோலைக் கேட்டு வாங்குகிறோம்.

முதலில் எலிமெண்ட், அதாவது ஒப்பிடப்போகும் ரகங்கள். 8 போதும். 10 வைத்தால் மூன்று மூன்றாக 120 சேர்க்கை வரும், 8-க்கு 56. எதையும் முழுதாகக் காட்டப்போவதில்லை. 10, 12 சேர்க்கைக்குள் புதிய சொல் வருவது நின்றுவிடும், ஆளும் களைத்துவிடுவார். மதிப்பெண்ணோடு சேர்த்து ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

ரகப் பெயர்களை நீங்களே அடுக்காதீர்கள். இடத்தைச் சொல்லி அவரையே நிரப்பச் சொல்லுங்கள்: அப்பா காலத்தில் போட்டது, போன பிசானப் பருவத்தில் போட்டது, ஒரு தடவை போட்டு விட்டுவிட்டது, அடுத்த வயல்காரர் போட்டும் நீங்கள் தொடாதது, வீட்டுச் சாப்பாட்டுக்குப் போடுவது. கடைசியாக, ‘மனசுல நெனச்சிருக்க நெல்லு’ என்று இல்லாத ஒரு ரகத்துக்கும் ஓர் அட்டை. மற்றவை அந்த அட்டைக்கு எவ்வளவு கிட்டே நிற்கின்றன என்பது பின்னால் நிறையச் சொல்லும். இதில் ஓர் இழப்பு உண்டு. ஆளுக்கு ஆள் ரகம் மாறினால் கிரிட்டுகளை நேரடியாக ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. அதனால் 5 ரகம் எல்லாருக்கும் பொது, 3 அவரவர் சொந்தம் என்று வைத்துக்கொள்வது நல்லது. அம்பை 16, சன்ன ரகம், பாரம்பரிய நெல் மூன்றையும் ஒரே கட்டில் போட்டுவிடாதீர்கள். ஒன்று ரகம், மற்ற இரண்டும் வகை. ஒப்பீடு அங்கேயே உடைந்துவிடும்.

கேள்வி இப்படி: ‘அண்ணாச்சி, அடுத்த பூவுக்கு எதைப் போடலாம்னு யோசிக்கும்போது, இந்த மூணுல எந்த ரெண்டு ஒண்ணுபோல? மூணாவது எதுல வேற?’ (பூ என்றால் ஒரு போகம்.) கேள்வியின் அந்த முன்பாதியை விட்டுவிட்டால், அம்பை 16-உம் அம்பை 18-உம் அம்பாசமுத்திரத்தில் கண்டுபிடித்தது, மற்றது வெளியூர் என்பது மாதிரி பதில் வரும். உண்மைதான், ஆனால் அதை வைத்து யாரும் நாற்று பாவுவதில்லை.

பெரும்பாலான கிரிட் கெடுவது எதிர்முனையில்தான். அம்பை 16, ஆடுதுறை 45, கர்நாடகப் பொன்னி மூன்றையும் வைக்கிறீர்கள் என்று கொள்வோம். ‘மொத ரெண்டும் களத்துலயே வித்துரலாம்’ என்கிறார். உடனே நம் கை ‘களத்தில் விற்க முடியாது’ என்று மறுபக்கத்தை எழுதிவிடும். எழுதக்கூடாது. ‘அப்போ பொன்னி?’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ‘அது வீட்டுக்குள்ள ஏறணும்’ என்பார். அவருடைய கோல் அதுதான்: ஒரு முனையில் களம், மறுமுனையில் வீடு. நெல்லைக் காயப்போடுவது, சாக்கு, எலி, அடைத்துப்போகும் முன்னறை எல்லாம் அந்த ‘ஏறணும்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது. ‘முடியாது’ என்று எழுதியிருந்தால் அத்தனையும் போயிருக்கும். நோட்டில் ஒரு பக்கம் ‘இல்லை’, ‘முடியாது’ என்றே வரிசையாக இருந்தால் எதிர்முனையைக் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள்.

கருப்பட்டிக்காப்பி:

தேரிக்காடு சொன்னதோடு ஏணிக் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதாவது ஒரு பதிலிலிருந்து அதற்குப் பின்னால் உள்ள காரணத்துக்குப் படிப்படியாக ஏறுவது. 1965-ல் டென்னிஸ் ஹிங்கிள் தன் முனைவர் பட்ட ஆய்வில் கொண்டுவந்த முறை. பாடநூல்கள் ‘ஏன்? ஏன்?’ என்று கேட்கச் சொல்லும். நம் ஊரில் பெரியவர்களிடம் அடுத்தடுத்து ‘ஏன்’ போட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். ‘இந்த ரெண்டு பக்கத்துல உங்களுக்கு எது தேவல?’ என்று முதலில் ஒரு முனையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிறகு, ‘அதுல உங்களுக்கு என்ன கெடைக்கு?’

மேலே உள்ள கோலிலேயே ஏறிப் பார்க்கலாம். களத்திலேயே விற்றால் அன்றைக்கே கையில் காசு. காசு இருந்தால் உரக்கடைப் பாக்கி தீரும். பாக்கி தீர்ந்தால் அடுத்த பூவுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டாம். ‘மனுசனுக்கு அது வேணும்லா’ என்று சொல்லிவிட்டால் ஏணி முடிந்தது. அதற்கு மேல் ஒரு படி கேட்டாலும் அது நமக்காகச் செய்து கொடுக்கும் பதில்தான். 4, 5 படி வழக்கம். நடுவில் சிக்கினால் ‘அது இல்லாமப் போச்சுன்னா?’ என்று திருப்பிக் கேளுங்கள், பெரும்பாலும் திறந்துகொள்ளும். எல்லாக் கோலிலும் ஏறாதீர்கள். அவர் அழுத்திச் சொன்ன 3 போதும், ஏணி ஆளை உருக்கிவிடும்.

‘நல்லாருக்கும்’, ‘பரவால்ல’ என்று மொட்டையாக வரும் கோலுக்கு ஏறக்கூடாது, இறங்க வேண்டும். ‘எதைப் பாத்து அப்படிச் சொல்லுதீங்க?’ என்றால் தூர் எண்ணிக்கை, கதிர் தலை சாய்ந்திருக்கும் விதம், மாடு வைக்கோலைத் தின்னுகிறதா என்று கண்ணால் காணக்கூடிய அடையாளங்கள் வரும்.

புது விதை நல்லது என்று ஒத்துக்கொண்டும் மாற்றாதவர்களுக்கு உளவியலாளர் ஃபின் சூடியின் ஏ-பி-சி முறை இருக்கிறது. ஏ: இப்போது இருக்கும் நிலை, போக நினைக்கும் நிலை. பி: இருப்பதில் என்ன கெடுதல், போவதில் என்ன நன்மை. சி: இருப்பதில் என்ன நன்மை, போவதில் என்ன கெடுதல். பி எளிதில் நிரம்பும். சி-க்கு வரும்போது பேச்சு தயங்கும். அங்கே காத்திருங்கள். மாறாமல் இருப்பதால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்பது அந்தக் கட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஓலைப்பாய்:

மதிப்பெண் பற்றி. புளியங்கொட்டை 1 முதல் 5 வரை வைக்கச் சொல்வது பலர் செய்வது. அதில் ஒரு கோணல் இருக்கிறது. கொட்டை கூடினால் நல்லது என்று கை தானாக நினைத்துக்கொள்ளும். கோல் ‘களம் – வீடு’ என்றால் எந்த முனைக்கு 5 கொட்டை? அவர் பிடித்த முனைக்குத்தான் அள்ளி வைப்பார். கோலை அளக்காமல் பிரியத்தை அளந்துவிடுவீர்கள்.

கயிறு நல்லது. இரண்டு முழம் தென்னங்கயிற்றில் சம தூரத்தில் 5 முடிச்சு. தரையில் நீட்டி, ஒரு தலையில் களத்தைக் குறிக்க ஒரு கல், மறுதலையில் வீட்டைக் குறிக்க ஒரு சாக்குத் துண்டு. ரகங்களை ஒவ்வொன்றாக முடிச்சருகே வைக்கச் சொல்லுங்கள். ரகப்பெயர் எழுதிய அட்டைக்குப் பதில் ஒரு கைப்பிடி நெல் போட்ட சின்னப் பொட்டலம். பிடித்த முனை எப்போதும் வலப்பக்கமே வராமல், கோலுக்குக் கோல் கயிற்றைத் திருப்பிப் போடுங்கள். எல்லாப் பொட்டலமும் நடு முடிச்சில் குவிந்தால் இரண்டில் ஒன்று: அந்தக் கோல் இந்த ரகங்களுக்குப் பொருந்தாது, அல்லது அவருக்கு அந்த ரகங்கள் தெரியாது. கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், 3 என்று போட்டுவிடாதீர்கள். தெரியாத ரகத்துக்குக் கட்டத்தைக் காலியாக விடுவதே சரி.

பக்கக் குறிப்பாக ஒன்று: முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் இதே முறையைச் செய்ய நினைப்பவர்களுக்கு அட்டை உதவாது. மடியில் தட்டு, இரண்டு கையிலும் இலையும் நூலும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி, கை நின்றால் நஷ்டம் அவர்களுக்குத்தான். அங்கே மூன்றுக்குப் பதில் இரண்டிரண்டாக வாயால் கேளுங்கள்: ‘அக்கா, இந்த ரெண்டு வேலையும் எதுல ஒண்ணு, எதுல வேற?’ மூன்றை மனசில் நிறுத்திக்கொண்டே இலை மடிப்பது கஷ்டம், இரண்டு நிற்கும்.

பொருநைக்கரை:

எதிர்முனை விஷயம் இப்போது புரிகிறது. சேர்ப்பது மட்டும் பாக்கி. ஆளுக்கு 10 கோல் என்றால் 20 பேருக்கு 200. வெறுமனே எண்ணினால் ஒருவர் உயிராய் நினைக்கும் கோலும் போகிற போக்கில் சொன்னதும் ஒரே எடை ஆகிவிடாதா?

தேரிக்காடு:

ஆகும். அதற்குத்தான் உளவியலாளர் பீட்டர் ஹனியின் முறை. விவசாயி சொன்ன கோல்களோடு கடைசியில் நீங்கள் ஒன்றே ஒன்று கொடுங்கள்: ‘மொத்தத்துல போடலாம் – போடக்கூடாது’. ஒவ்வொரு கோலும் இந்த மொத்தக் கோலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள்.

8 ரகம், 5 முடிச்சு என்று வைப்போம். மொத்தக் கோல்: 1, 2, 2, 4, 5, 3, 5, 1. களம்–வீடு கோல்: 1, 1, 2, 5, 4, 3, 4, 2. ரகம் ரகமாக வித்தியாசத்தைக் கூட்டினால் 5. வரக்கூடிய உச்ச வித்தியாசம் (5−1)×8 = 32. 5-ஐ 32-ஆல் வகுத்து 200-ஆல் பெருக்கி 100-லிருந்து கழித்தால் 68.75. பிறகு கோலைத் திருப்பி, ஒவ்வொரு எண்ணையும் 6-லிருந்து கழித்து, இன்னொரு முறை செய்யுங்கள். வித்தியாசம் 21, விடை −31.25. பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும், ஆகவே 68.75. திருப்பிப் பார்க்காமல் விட்டால், முனை தலைகீழாக எழுதப்பட்ட நல்ல கோல்கள் எல்லாம் குப்பைக்குப் போகும். ஒவ்வொருவருடைய கோல்களையும் இந்த விடையை வைத்து அவருக்குள்ளேயே மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பிரித்து அட்டையில் குறித்துவிடுங்கள்.

20 பேரின் கோல்களையும் சேர்த்து வகைப்படுத்த இரண்டு பேர் வேண்டும், தனித்தனியாக. இரண்டு முனையும் எழுதிய 200 அட்டையையும் ஒவ்வொருவரும் பிரித்து, பிறகு இருவர் பிரித்ததும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கோஹனின் கப்பா போட்டுப் பாருங்கள். 0.8-க்குக் கீழே இருந்தால் உட்கார்ந்து வகைகளின் விளக்கத்தைத் திருத்தி மறுபடி பிரிக்க வேண்டும். ‘மகசூல்’ என்று ஒரு தலைப்பு வைத்தால் பாதி அட்டையை விழுங்கிவிடும். வினாத்தாளில் இருந்த பட்டியலுக்கே திரும்பி வந்துவிடுவீர்கள். கணக்குக்கு ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓப்பன்ரெப்கிரிட் என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது, ஒத்தவற்றைக் குழுவாகக் காட்டும் கிளஸ்டர் படமும் அதிலேயே வரும்.

கன்னடியன் கால்வாயில் தலைமடைக்காரர், கடைமடைக்காரர் இரண்டு பக்கமும் ஆள் எடுங்கள். தண்ணீர் கடைசியில் வந்து சேருகிறவரின் கோல் வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். தலைமடையா கடைமடையா என்ற குறியை அட்டையின் பின்பக்கம் போடுங்கள், பிரிக்கும்போது இருவர் கண்ணிலும் படக்கூடாது. எல்லாம் அடுக்கி முடித்த பிறகு திருப்பிப் பாருங்கள்.