பிஎச்பிக்குள்ளேயே யூயூஐடி வேண்டுமா?

பைட்_பாண்டி: "பிஎச்பி கோரில் யூயூஐடி எதற்கு, யூனிக்ஐடி ஃபங்ஷன் இருக்கிறதே" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. யூயூஐடி என்றால் எங்கே உருவாக்கினாலும் இன்னொன்றோடு மோதாத அடையாள எண். அதை பிஎச்பி மொழியோடு கூடவே வரும் அடிப்படைப் பகுதியான கோரில் சேர்க்கச் சொன்னால் இந்தப் பதில். யூனிக்ஐடி மைக்ரோ விநாடி நேரத்தை 13 எழுத்தாக்கித் தருகிறது. இரண்டு சர்வர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் ஒரே எண்தான் வரும். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்கு அதை வைத்து பில் நம்பர் போட்டுக்கொடுத்த புண்ணியவான் தீபாவளி வாரத்தில் போனையே எடுக்கவில்லை. ஜாவாவில் 2004லேயே வந்துவிட்டது, பைத்தானில் 2006ல். நாம் மட்டும் இன்னும் கம்போசர் கருவியை வைத்து வெளியிலிருந்து பேக்கேஜ் இழுக்கிறோம். 128 பிட் ரேண்டம் எண், கோரிலேயே இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

செல்லூர்_கோடர்: 128 இல்லை, 122. இது தெரியாமல் மொழியைத் திருத்த வந்துவிட்டார். நான்காம் பதிப்பு, அதாவது ரேண்டம் வகை யூயூஐடி எதையாவது எடுத்துப் பாருங்கள். கோடு போட்டுப் பிரித்ததில் மூன்றாவது தொகுதி 4ல்தான் தொடங்கும். நான்காவது தொகுதியின் முதல் எழுத்து 8, 9, ஏ, பி இந்த நாலில் ஒன்றுதான். அங்கே 4 பிட், இங்கே 2 பிட் போச்சு. கழித்துப் பாருங்கள்.

பைட்_பாண்டி: யூயூஐடிக்கான தர ஆவணம் ஆர்எஃப்சி 9562, மே 2024. முதல் பக்கத்திலேயே 128 பிட் என்று போட்டிருக்கிறது. படிக்கத் தெரியும்தானே?

செல்லூர்_கோடர்: 122.

ஆனையூர்_அக்கா: தம்பிகளா, 122 பிட்டிலேயே மோதலுக்கு, அதாவது ஒரே எண் இரண்டு தடவை வருவதற்கு, பாதிக்குப் பாதி வாய்ப்பு வர 27 ஆயிரம் கோடி கோடி எண்கள் தேவை. ஜவுளிக்கடை அவ்வளவு பில்லா போடுகிறது? எனக்குத் தலைவலி மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபிதான். அது வரிசைகளை பிரைமரி கீ, அதாவது முதன்மை அடையாள எண், வரிசையில்தான் அடுக்கும். நான்காம் பதிப்பை பிரைமரி கீயாக வைத்தால் ஒவ்வொரு வரிசையும் டேபிளில் எங்கேயோ போய்ச் செருகும். சேர்ப்பதென்றால் ஏழாம் பதிப்பைச் சேருங்கள். முதல் 48 பிட் மில்லிவிநாடி நேரம், அதனால் வரிசையாக வரும். டாட்நெட் 9, பைத்தான் 3.14, போஸ்ட்கிரெஸ் 18 எல்லாவற்றிலும் வந்தாச்சு.

செல்லூர்_கோடர்: அக்கா, ஏழில் ரேண்டம் 74 பிட்தான். பாண்டியின் 128 அங்கேயும் இல்லை. ஆர்டர் எந்த நிமிஷம் விழுந்தது என்பதையும் எண்ணைப் பார்த்தே எவனும் சொல்லிவிடுவான்.

மாட்டுத்தாவணி_மன்னன்: கோரில் எதற்கு என்றுதான் நானும் கேட்கிறேன். பிஎச்பி 7லிலேயே ரேண்டம் பைட்ஸ் ஃபங்ஷன் வந்துவிட்டது. 16 பைட் எடு, இரண்டு பைட்டைத் திருத்து, கோடு போடு. நாலு வரி. அதற்கும் ஒரு ஃபங்ஷன் கேட்டால் நாளைக்கு டீ போடவும் கேட்பீர்கள்.

பைட்_பாண்டி: அந்த நாலு வரியைத்தான் பாதிப் பேர் ஊகித்துவிடக்கூடிய எண் தரும் எம்டி_ரேண்ட் ஃபங்ஷனை வைத்து எழுதி வைத்திருக்கிறார்கள். மன்னன் அவர்களின் பழைய கோடையும் நான் பார்த்திருக்கிறேன். வாயைக் கிளறாதீர்கள்.

மாட்டுத்தாவணி_மன்னன்: அது கிளையண்ட் கொடுத்த கோடு!

செல்லூர்_கோடர்: எல்லாரும் பேச்சை மாற்றுகிறீர்கள். வண்டி நம்பரில் டிஎன் 59 மதுரை வடக்கு, எல்லாருக்கும் தெரியும். அந்த நாலு எழுத்தையும் சேர்த்து மொத்தமும் ரேண்டம் என்பீர்களா? அதே கதைதான் இதுவும்.

பைட்_பாண்டி: போன தடவை டைம்ஸோன் சண்டையிலும் இவர் இப்படித்தான். ஐந்தரை மணி நேரம் என்று நான் எழுதினால், 330 நிமிஷம் என்று ராத்திரி முழுக்கப் பதில் போட்டார்.

செல்லூர்_கோடர்: 330 தப்பா? சொல்லுங்கள், தப்பா?

மாட்டுத்தாவணி_மன்னன்: அது கிடக்கட்டும், 59 தெற்குதானே?

பழங்காநத்தம்_பையன்: அண்ணே, 58 தெற்கு, 59 வடக்கு, 64 மத்தி.

மாட்டுத்தாவணி_மன்னன்: எங்கள் தெருவில் தெற்குவாசல் ஆள் ஒருவர் 59 வைத்திருக்கிறாரே?

பழங்காநத்தம்_பையன்: செகண்ட் ஹேண்டில் வாங்கியிருப்பார்.

ஆனையூர்_அக்கா: ஏழாம் பதிப்பைப் பற்றி யாராவது பேசுவீர்களா?

செல்லூர்_கோடர்: பேசலாமே. பாண்டி முதலில் 122 என்று திருத்திப் போடட்டும்.

பைட்_பாண்டி: மாட்டேன். 16 பைட்டை எட்டால் பெருக்கத் தெரியாதவர்களோடு எனக்கு என்ன பேச்சு?

மாட்டுத்தாவணி_மன்னன்: செகண்ட் ஹேண்ட் இல்லை தம்பி, புது வண்டி. மாலை போட்டுக் கொண்டுவந்ததை நானே பார்த்தேன்.