இரவில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி (குடியாத்தம்)

அனைவருக்கும் வணக்கம். என் தகப்பனாருக்கு 63 வயது ஆகிறது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குழித்தறியில் கைலி நெய்துவருகிறார். இரண்டு மாதங்களாக, வாரத்தில் மூன்று நான்கு இரவுகள், நல்ல உறக்கத்தில் இருக்கும்போது அவருடைய கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. பெரும்பாலும் வலது கால், சில நாட்களில் இடது கால். அலறிக்கொண்டு எழுந்து உட்காருவார். தொட்டுப் பார்த்தால் சதை கருங்கல்லைப் போல உருண்டு நிற்கும், கால் விரல்கள் கீழ்நோக்கி மடங்கியிருக்கும். இரண்டு மூன்று நிமிடங்களில் விட்டுவிடுகிறது என்றாலும், மறுநாள் முழுவதும் அந்த இடம் அடிபட்டதுபோல் வலிப்பதால், தறிக்குழியில் இறங்கி மிதிகட்டையை மிதிக்க மிகவும் சிரமப்படுகிறார்.

ஆறு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரை நோய் இல்லை. தினமும் வாழைப்பழம் கொடு என்கிறார் ஒருவர், நரம்பு ஊசி போடு என்கிறார் இன்னொருவர். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மெக்னீசியம் மாத்திரையை ஒரு மாதம் கொடுத்தும் பயனில்லை. பிடித்துக்கொண்ட நேரத்தில் உடனே என்ன செய்ய வேண்டும், வராமல் தடுக்க வழி உண்டா என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் (தொரப்பாடி, வேலூர்)

வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட். உங்கள் தகப்பனாரின் தொழிலைப் படித்தவுடனே எனக்குத் தோன்றியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மிதிகட்டையை அழுத்தும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்கிறது, கெண்டைக்கால் சதை சுருங்குகிறது. பகலெல்லாம் இதையே ஆயிரக்கணக்கான முறை செய்துவிட்டு, இரவில் மல்லாந்து படுத்துப் போர்த்திக்கொண்டால், போர்வையின் கனத்திலேயே பாதம் மீண்டும் கீழே சாய்ந்து, சதை மறுபடியும் சுருங்கிய நிலையில்தான் கிடக்கிறது. அந்த நிலையில் நரம்பிலிருந்து ஒரு தூண்டுதல் வந்தால் போதும், சதை இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே, பிடித்துக்கொண்ட உடனே செய்ய வேண்டியது அந்தச் சதையை நீட்டுவதுதான். பலரும் அவசரமாகத் தைலத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்குகிறார்கள். தைலம் பிறகு இருக்கட்டும். முழங்காலை மடக்காமல் நீட்டி, கால் விரல்களை முகத்தை நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். கை எட்டாவிட்டால் ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் சுற்றி, இரு முனைகளையும் பிடித்து இழுக்கலாம். எழுந்து நிற்க முடிந்தால் குதிகாலைத் தரையில் நன்றாக ஊன்றி நிற்பதும் அதே வேலையைச் செய்யும். விட்டபிறகு மெதுவாகப் பிடித்துவிட்டு, வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மறுநாள் வலி குறையும்.

தடுப்பதற்கு, படுக்கப்போகும் முன் சுவரிலிருந்து ஒரு கை நீளத்தில் நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, ஒரு காலைப் பின்னே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்காலின் முழங்கால் மடங்கவும் கூடாது, குதிகால் தரையை விட்டு எழும்பவும் கூடாது. அப்படியே முன்னே சாய்ந்தால் கெண்டைக்காலில் இதமான இழுப்பு தெரியும். பத்து வினாடி நின்று விட்டு, ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை செய்ய வேண்டும். தொடையின் பின்சதைக்கும் இதேபோல் நீட்டும் பயிற்சி உண்டு. நெதர்லாந்தில் 55 வயதைக் கடந்த 80 பேரிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரம் இவ்விரண்டையும் இரவுதோறும் செய்தவர்களுக்குப் பிடிப்பு வருவதும் குறைந்தது, வலியின் கடுமையும் குறைந்தது. மெக்னீசியம் அப்படியன்று. வயதானவர்களின் கால் பிடிப்புக்கு அதனால் பயன் இருக்க வாய்ப்பில்லை என்றே பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பாய்வு சொல்கிறது. அந்தச் செலவை நிறுத்திவிடலாம்.

பதில் (ஆற்காடு)

தம்பி, அப்பா சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பின்னால் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற பெயர் இருந்தால் அது நீர் பிரியச் செய்யும் மருந்து. சிறுநீரோடு உடலின் உப்புச் சத்துகளும் போவதால் சிலருக்குக் கால் பிடிக்கும். என் மாமியாருக்கு அப்படித்தான் நேர்ந்தது. நான்கு மாதம் ஒரு மருந்துக் கடையில் சொன்னபடி நரம்பு ஊசியும் சத்து மாத்திரையும் வாங்கிப் பணத்தைக் கரைத்தோம். அட்டையைத் திருப்பிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையாலும் சிலருக்குச் சதைவலி வரும். ஆனால் ஒன்று, மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரத்த அழுத்தம் ஏறினால் பக்கவாதம் வரை போகும். அட்டையோடு மருத்துவரிடம் போய்க் கேளுங்கள்.

பதில் (ஆம்பூர்)

முப்பது ஆண்டுகள் தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நம் பக்கத்துச் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பது யாவரும் அறிந்ததே. வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு வேலை செய்த நாட்களில் எங்களில் பலருக்கு மாலையில் கால் சுண்டி இழுக்கும். காலையில் கேழ்வரகுக் கூழில் மோரும் உப்பும் கலந்து குடித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து வைத்துக்கொண்டு அவ்வப்போது குடித்தாலும் நல்லது. தறிக்குழிக்குள் காற்றோட்டம் இராது என்பதால் உங்கள் தகப்பனாருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பதில் (தொரப்பாடி, வேலூர்)

ஆம்பூர் ஐயா சொன்னது வெயிலில் உழைத்து வியர்ப்பவர்களுக்கு முற்றிலும் சரி. ஆனால் இவருடைய தகப்பனாருக்கு இரத்த அழுத்தம் இருப்பதால், உப்புக் கரைசலை மருத்துவரைக் கேட்காமல் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வாழைப்பழமும் இளநீருமே ஆபத்தாகலாம், அவற்றிலுள்ள பொட்டாசியம் உடலில் தேங்கிவிடும். மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைன் மாத்திரையை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஒரு காலத்தில் கால் பிடிப்புக்கு அதைக் கொடுத்தார்கள். இரத்தத் தட்டணுக்களையும் இதயத் துடிப்பையும் பாதிப்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2006இலேயே எச்சரித்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகச் சிவந்து வலித்தால் அது இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் கால் இரத்தக் குழாய் அடைப்பைச் சோதிக்க வேண்டும், புகைபிடிப்பவர்கள் குறிப்பாக.

கேள்வி கேட்டவர், ஆறு வாரம் கழித்து

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆற்காடு அக்கா சொன்னபடி அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், குளோர்தாலிடோன் இருந்தது. மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்து, பொட்டாசியம் குறைவாக இருக்கிறது என்று சொல்லி மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். வீக்கமோ நடக்கும்போது வலியோ இல்லை என்பதையும் உறுதி செய்தார்.

சுவர்ப் பயிற்சிக்கு அப்பா முதலில் இணங்கவில்லை. "நாள் முழுக்கக் காலால்தானே வேலை செய்கிறேன், இன்னும் எதற்குப் பயிற்சி" என்றார். ஒரு நாள் பிடித்துக்கொண்டபோது துண்டைப் பாதத்தில் சுற்றி நான் இழுத்துவிட, அரை நிமிடத்தில் சதை இளகியது. அன்றிலிருந்து அவராகவே செய்கிறார். படுக்கும் முன் ஒரு முறை, மதியம் குழியிலிருந்து ஏறியதும் தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு முறை. கடந்த பதினைந்து நாட்களில் ஒரே ஒரு இரவுதான் பிடித்தது, அதையும் என்னை எழுப்பாமல் அவரே துண்டால் இழுத்துச் சரிசெய்துகொண்டார். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் பொட்டாசியம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள், முடிவை இங்கேயே எழுதுகிறேன்.