மலேசியாவின் மெதடோன் சிகிச்சை: ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா?

கொட்டாஞ்சேனை அக்கா:
என் தம்பி ஆறு ஆண்டுகளாகக் குடு (ஹெரோயின்) பாவிக்கிறான். புனர்வாழ்வு நிலையத்திலிருந்து வீடு திரும்பிய மூன்றாம் வாரமே, குளியலறையில் ஈயத்தாளின் கீழ் லைட்டரைப் பிடித்தபடி இருந்தவனைக் கண்டேன். மலேசியாவில் ஹெரோயினுக்குப் பதிலாக மெதடோன் என்ற மருந்தை அரசே கொடுப்பதாக அறிகிறேன். அது போதையைத் தொடர்வது ஆகாதா?

வெள்ளவத்தை மருந்தாளர்:
ஆகாது, சகோதரி. மலேசியாவில் 2002இல் மட்டும் 6,978 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. தொற்று பதிவானது, அவர்களுள் பெரும்பான்மையோர் ஊசியால் போதை ஏற்றியவர்கள். பிடித்து அடைத்துவைப்பது தொற்றைத் தடுக்கவில்லை என்பதை உணர்ந்தே, அந்நாடு 2005இல் மெதடோனையும் 2006இல் சுத்தமான ஊசி வழங்கலையும் தொடங்கியது. நாளுக்கு ஒருமுறை குடிக்கும் இம்மருந்து உடலில் நெடுநேரம் தங்கி, நடுக்கத்தையும் உடல்வலியையும் தணிப்பதால், அடுத்த பொட்டலத்தைத் தேடி அலையாமல் ஒருவரால் வேலைக்குப் போக முடிகிறது.

மருதானை வாசகர்:
மார்க்கம் இதை ஏற்குமா என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெதடோன் வழங்கினார்கள் என்று சொன்னபின் வாப்பா மறுபேச்சுப் பேசவில்லை. இங்கே இலங்கையில் பெரும்பாலானோர் புகையாகவே இழுப்பதால் ஊசிவழித் தொற்று குறைவுதான். ஆனாலும் அடிமைத்தனம் ஒன்றே.

வெள்ளவத்தை மருந்தாளர்:
இன்னொன்றை மறக்க வேண்டாம், சகோதரி. சில மாதம் நிறுத்தியிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. வீடு திரும்பிய முதல் வாரங்களில்தான் உயிராபத்து அதிகம். தம்பியைத் தனியே விடாமல், திட்டாமல், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.